எண்ணை நம்பிக் கணக்கைத் தொலைக்காதீங்க!

2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்த இலவச மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கடைக்காரர், மகனுடைய அந்த மடிக்கணினியில் கணக்கு எழுதி, தினமும் 'எஸ்டிபி1' என்ற பென்டிரைவுக்குத் தானாகப் பிரதி போக வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் கல்யாண போட்டோ பென்டிரைவை முதலில் சொருகினால்? அதுதான் எஸ்டிபி! கணக்கு அதற்குள் போய்விடும்.

உடனே லினக்ஸ்மேல் பழி. தப்பு, இந்தப் பெயரை நிரந்தரம் என்று சொல்லிக்கொடுத்தவர்கள் மேல். மேஜர் எண் 8 டிஸ்க் வகையைத்தான் சொல்லும். மைனர் எண் 0 முதல் டிஸ்க், 16 இரண்டாவது, 17 அதன் முதல் பிரிவு. எல்லாம் பந்தியில் உட்கார்ந்த வரிசை! பேரேட்டின் பக்க எண்ணைப் பார்த்தா பாக்கி வசூலிக்கிறார்கள்? ஆளைப் பார்த்துத்தானே... பென்டிரைவுக்குள்ளேயே பதிந்திருக்கும் யுயுஐடியை எழுதி வையுங்கள். 'பிஎல்கேஐடி' என்று அடித்தால் காட்டும். அதற்குமா சோம்பல்?