வயர் மாறினால்

ஆசிரியருக்கு,

ஈசிஜியைக் கணினி படிப்பது பற்றிய கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். இருபது ஆண்டுகள் ஈசிஜி எடுத்தவள் நான். துடிப்பு சீராக இருக்கும்போது எடுத்த 10 விநாடிப் பதிவிலிருந்தே, வந்து வந்து மறையும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் சீரற்ற இதயத்துடிப்பின் சுவட்டைக் கணினி கண்டுபிடிப்பதை 2019-இல் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மருத்துவர் கண்ணுக்கே படாத சுவடு! இந்தக் கோளாறால் பக்கவாதம் வருமுன் எச்சரிக்கை கிடைத்தால் எத்தனை குடும்பங்கள் பிழைக்கும்.

ஆனால், வலது கை வயரை இடது கையில் மாட்டிவிட்டால் முதல் லீடில் அலைகள் தலைகீழாகிவிடும். வியர்வையில் எலெக்ட்ரோடு நழுவினால் கோடே அலைபாயும். அந்தப் பதிவைத்தான் கணினியும் படிக்கப்போகிறது. மென்பொருள் வாங்கும் மருத்துவமனைகள், ஈசிஜி எடுப்பவர்களுக்கு ஒரு வாரமாவது பயிற்சி கொடுக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற ஈசிஜி டெக்னீஷியன்,
தஞ்சாவூர்