சீலிங்குக்கு மேலே ஒரு கணக்கு

பெட்டாலிங் ஜெயாவின் பழைய தொடர் வீடுகளில், ஓட்டுக் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே யாரும் எட்டிப் பார்க்காத ஓர் இடம் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி அங்கேதான். எலியும் மூசாங்கும் குடும்பம் நடத்துவதும் அங்கேதான். வீட்டின் மின்வயர்களில் பாதிக்கு மேல் அதே இருட்டுக்குள்தான் ஓடுகின்றன.

எஸ்எஸ்2, செக்‌ஷன் 17 போன்ற இடங்களில் வாடகை அறையில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து. ஒரு குடும்பத்துக்காகக் கட்டிய வீட்டைப் பலகை வைத்துத் தடுத்து ஆறு, ஏழு அறைகளாக்குகிறார்கள். ஒவ்வோர் அறைக்கும் ஒரு ஏர்கோன், ஒரு பிளக். சுவரை உடைத்தால் செலவு. ஆகவே புதிய வயர் எல்லாம் சீலிங்குக்கு மேலே ஏறிவிடுகிறது. நான் இருக்கும் வீட்டிலும் அப்படித்தான். வேலை செய்தவர் உரிமம் உள்ளவரா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். "விளக்கு எரியுதுல்ல?" என்பதே பதில்.

விளக்கு எரிவது சான்று ஆகாது. ஐந்தாம் படிவ இயற்பியலில் படித்ததை வைத்தே இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிளக் பாயிண்டுகளுக்குப் பொதுவாக 2.5 சதுர மில்லிமீட்டர் பிவிசி வயர் இழுப்பார்கள். சுவரோடு பொருத்திய குழாய்க்குள் போனால் அது ஏறக்குறைய 24 ஆம்பியர் தாங்கும். ஆனால் இது சுற்றுப்புற வெப்பம் 30 பாகை செல்சியஸ் என்று வைத்துச் சொல்லும் அளவு. நண்பகலில் நம் ஊர் ஓட்டுக்குக் கீழே 30 பாகையா இருக்கும்? அனைத்துலகத் தர அட்டவணைப்படி 50 பாகையில் 0.71 ஆல் பெருக்க வேண்டும். 24 ஆம்பியர் 17 ஆகிவிடும். அதே குழாயில் இன்னொரு சர்க்கியூட்டையும் திணித்தால் மேலும் 0.8 ஆல் பெருக்க வேண்டும். மிஞ்சுவது 14 கூட இல்லை.

இப்போது அறைக்கு வருவோம். கேத்தல் 10 ஆம்பியர், இஸ்திரிப் பெட்டி 5, ஏர்கோன் 4. மொத்தம் 19. எம்சிபி 20 ஆம்பியர் என்பதால் அது அசையாது. மேலே வயர் மட்டும் தாங்க முடியாமல் சூடேறிக்கொண்டிருக்கும். ஒரு நாளில் ஒன்றும் ஆகாது. ஆண்டுக்கணக்கில் பிவிசி உறை வறண்டு வெடிக்கும். மிச்சத்தை எலி பார்த்துக்கொள்ளும். ஆர்சிசிபி இருக்கிறதே என்று சிலர் தைரியமாக இருப்பார்கள். மின்சாரம் நிலத்துக்குக் கசிந்தால்தான் அது துண்டிக்கும். வயர் அளவுக்கு மீறிச் சுமப்பதை அது கண்டுகொள்ளாது. (அதற்காக அதை அலட்சியப்படுத்த வேண்டாம். மாதம் ஒரு முறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.)

நல்ல வயர்மேன் சீலிங்குக்கு மேலே வயரைப் பலகையின் மேல் சும்மா கிடத்த மாட்டார். குழாய்க்குள் விட்டு, மரச்சட்டத்தோடு இறுக்குவார். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே கொண்டுபோக மாட்டார். இணைப்புகள் மூடிய பெட்டிக்குள் இருக்கும், முறுக்கி டேப் சுற்றியதாக இருக்காது. இரும்புச் சட்டம் உள்ள புதிய வீடு என்றால் கூரான விளிம்பு வயரை அறுக்காமல் ரப்பர் வளையம் போடுவார். வெப்பத்தைக் கணக்கிட்டு 4 சதுர மில்லிமீட்டர் வயருக்கு மாறவும் சொல்லலாம். அந்தக் கூடுதல் செலவுதான் வீட்டுக்காரர்களுக்குக் கசக்கிறது.

"காணொளி பார்த்து நானே செய்துவிடுவேன்" என்னும் நண்பர்களுக்கு ஆஸ்திரேலியாவை நினைவூட்டுகிறேன். 2009-இல் பொருளாதார மந்தத்தைச் சமாளிக்க, வீட்டுக் கூரைகளுக்குள் வெப்பத்தடுப்பு பொருத்தும் திட்டத்தை அந்நாட்டு அரசு அவசரமாகத் தொடங்கியது. சில மாதங்களுக்குள் நான்கு இளம் தொழிலாளர்கள் இறந்தார்கள். வயது 16, 19, 22, 25. மூவரை மின்சாரம் கொன்றது. 19 வயது இளைஞரைக் கூரைக்குள் இருந்த வெப்பமே கொன்றது. அலுமினியத் தாளைப் பொருத்த அடித்த ஓர் உலோக ஊசி, கீழே ஓடிய வயரைத் துளைத்துத் தாளில் மின்சாரத்தைப் பாய்ச்சியிருந்தது. அதே போன்ற அலுமினியத் தாள் இங்கும் பல ஓட்டுக் கூரைகளுக்குக் கீழே பளபளக்கிறது. 2013-இல் அங்கே அரச விசாரணை ஆணையம் அமைத்தார்கள். நான்கு குடும்பங்களுக்கு அது காலம் கடந்த ஆணையம்.

நம் நாட்டில் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 1990 மின்விநியோகச் சட்டம், 1994 மின்சார விதிமுறைகள் ஆகியவற்றின்படி, எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேன்தான் இவ்வேலையைச் செய்ய வேண்டும். வேலை முடிந்ததும் நிறைவுச் சான்றுக்குப் போராங் ஜி, சோதனைச் சான்றுக்குப் போராங் எச் தர வேண்டும். அறை வாடகைக்கு எடுக்கும்போது வைஃபை வேகத்தைக் கேட்கிறோம், கார் நிறுத்த இடம் கேட்கிறோம். இந்த இரண்டு தாளையும் கேட்பதற்கு மட்டும் ஏன் கூச்சம்?

வீட்டுக்காரர் கோபப்படுவார், அறை கிடைக்காமல் போகும் என்ற பயம் நியாயமானதுதான். தனியாகக் கேட்டால் அப்படி நடக்கலாம். வீட்டில் இருக்கும் ஆறு பேரும் சேர்ந்து கேட்டால் அவர் யோசிப்பார். புதிதாக வயர் இழுக்க ஆள் வரும் நாளில் ஒருவராவது வீட்டில் இருங்கள். ஏணியில் ஏறியவரிடம் கைபேசியைக் கொடுத்து, திறப்பை மூடுவதற்கு முன் மேலே நாலைந்து படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.