ஒலித் தொகுப்பு வாங்கித் தரலாமா?



தோட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவர் செம்பனைக் குலை வெட்டுகிறார். இவர் உதிரிப் பழம் பொறுக்குகிறார். மூத்த மகன் ஐந்தாம் படிவம் படிக்கிறான். கோயில் திருவிழா என்றால் உருமி மேளக் குழுவில் முன்னால் நிற்கிற பிள்ளையாம். இப்போது சில மாதங்களாகக் கைப்பேசியிலேயே மெட்டுப் போட்டு, தாளம் சேர்த்துப் பாட்டு அமைக்கிறான். அதற்கென்று உள்ள செயலியை, அதாவது பிள்ளைகள் 'ஆப்' என்கிறார்களே அதை, இலவசமாகவே இறக்கிக்கொண்டான். ஆனால் அந்தச் செயலிக்குள் ஒரு கடை இருக்கிறது. அங்கே 'சவுண்ட் பேக்' விற்கிறார்கள். ஒன்றின் விலை 59 வெள்ளி 90 காசு. "வாங்கிக் கொடுத்தால்தான் பாட்டு நன்றாக வரும் என்று அடம் பிடிக்கிறான். இது உண்மையா, ஏமாற்று வேலையா? சொல்லுங்கள் ஐயா" என்பது சகோதரியின் கேள்வி.

கேள்வி சிறியதல்ல. இன்றைய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. 26 நாள் வேலைக்கு வகுத்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 65 வெள்ளி. காலையில் பெரட்டுக்கு நின்று, மாலை வரை வெயிலில் குனிந்து நிமிர்ந்த ஒரு முழு நாளின் கூலியைத்தான் அந்தச் சின்னத் திரையில் விரலால் ஒரு தட்டுத் தட்டிச் செலவழிக்கக் கேட்கிறான் பிள்ளை. அதனால் நன்றாக விசாரித்தே முடிவு செய்ய வேண்டும்.

முதலில், விற்கப்படுகிற பொருள் என்ன என்று பார்ப்போம். ஒலித் தொகுப்பு இரண்டு வகை. ஒன்று, வாத்தியத்தின் ஒலி. உண்மையான பியானோ ஒன்றை எடுத்து, ஒவ்வொரு கட்டையையும் மெதுவாகவும் அழுத்தியும் அடித்து, அடித்ததையெல்லாம் தனித்தனியாகப் பதிவு செய்து அடுக்கி வைத்திருப்பார்கள். உங்கள் மகன் திரையில் ஒரு கட்டையைத் தொட்டால் அந்தப் பதிவு ஒலிக்கும். எதை, எப்போது, எவ்வளவு அழுத்தி வாசிப்பது என்பதெல்லாம் அவன் வேலை. இன்னொரு வகையை 'லூப்' என்பார்கள். யாரோ ஒருவர் வாசித்து முடித்த நான்கு தட்டுத் தாளமோ, ஒரு சிறு இசைத் துணுக்கோ அப்படியே தயாராக இருக்கும். எடுத்து வரிசையாக வைத்தால் போதும், பாட்டுப் போலக் கேட்கும். கடையில் வாங்கிய இடியப்பத்தைத் தட்டில் வைப்பது மாதிரிதான். பசிக்கு ஆகும், மாவு பிசையக் கை பழகாது. அதே துணுக்கை உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கானோர் வாங்கியிருப்பார்கள் என்பதும் நினைவிருக்கட்டும். மகன் கேட்பது எந்த வகை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பழகுகிற பிள்ளைக்கு முதல் வகையைத்தான் நான் சிபாரிசு செய்வேன்.

இந்த வியாபாரம் புதியதும் அல்ல. 1983இல் யமாஹா நிறுவனம் டிஎக்ஸ்7 என்ற மின் விசைப்பலகையைக் கொண்டு வந்தபோதே, கூடுதல் ஒலிகளைக் கார்ட்ரிட்ஜ் என்னும் சிறு பெட்டிகளில் தனியாக விற்றார்கள். செருகினால் புது ஒலி வரும். ஆனால் அந்தப் பத்தாண்டின் எத்தனையோ ஆங்கிலக் காதல் பாட்டுகளில் கேட்ட மின் பியானோ ஒலி எது தெரியுமா? டிஎக்ஸ்7 தொழிற்சாலையை விட்டு வெளியே வரும்போதே அதோடு வந்த ஒலிதான். கையில் வந்ததைக் கொண்டே பலர் பாட்டமைத்துப் பெயர் வாங்கினார்கள்.

இப்போதும் சும்மா கிடைப்பது கொஞ்சமல்ல. ஆப்பிள் கைப்பேசி வைத்திருப்போருக்குக் கராஜ்பேண்ட் என்ற செயலி இலவசம். அதற்கான ஒலித் தொகுப்புகளையும் அந்த நிறுவனமே காசு வாங்காமல் தருகிறது. மற்றக் கைப்பேசிக்காரர்களுக்கு நம் பக்கத்து ஊரான சிங்கப்பூரிலிருந்து வரும் பேண்ட்லேப் இருக்கிறது. அதில் மாதச் சந்தா கட்டிப் பெறுகிற வசதிகளும் உண்டுதான். கட்டாமலே பழகுவதற்குப் போதுமான ஒலிகளும் துணுக்குகளும் உண்டு. மகன் இவற்றையெல்லாம் தட்டிப் பார்த்துவிட்டானா? பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டான். விளம்பரப் படத்தில் மின்னுகிற பேக்தான் கண்ணில் பட்டிருக்கும்.

இன்னொன்றும் கேளுங்கள். கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் வைத்துக்கொண்டு "சவுண்ட் சரியில்லை" என்று சொல்கிறானா? அந்தத் துளை வழியே மேளத்தின் அடிக்குரல் வெளியே வரவே வராது. நூறு வெள்ளித் தொகுப்பு வாங்கிப் போட்டாலும் 'டப் டப்' என்று தகர டப்பா சத்தம்தான். அப்படியானால் முதலில் வாங்க வேண்டியது கம்பி உள்ள சாதாரணக் காதுக்கருவி. கம்பியில்லாத புளூடூத் வகை பாட்டுக் கேட்க நல்லது, வாசிப்பதற்கு உதவாது. விரல் தட்டிய பிறகு கொஞ்சம் தாமதித்துத்தான் ஒலி காதுக்கு வரும். தாளம் போடுகிறவனுக்கு அது பெரிய தொல்லை.

இனி நம் வாத்தியங்களுக்கு வருவோம். சகோதரியின் மகன் கேட்கும் தொகுப்பில் இந்திய மேளங்கள் இருப்பதாக எழுதியிருக்கிறார். இங்கேதான் கவனம் வேண்டும். இப்படிப்பட்ட தொகுப்புகளில் 'இந்தியா' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் தபேலாவும் சித்தாரும் இருக்கும். அவை நல்ல வாத்தியங்கள்தான். ஆனால் நம் பிள்ளை வளர்ந்தது உருமியிலும் தவிலிலும் அல்லவா? உருமி இருந்தாலும் அது எப்படிப் பதிவானது என்று பார்க்க வேண்டும். உருமிக்கு ஒரு முகத்தில் அடி. மறுமுகத்தில் வளைந்த குச்சியால் தேய்ப்பு. அந்தத் தேய்ப்பில்தான் 'உம்ம்' என்று அது உறுமுகிறது. எவ்வளவு அழுத்தித் தேய்க்கிறோம், எங்கே விடுகிறோம் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு முறையும் குரல் மாறும். ஒரே ஓர் உறுமலைப் பதிவு செய்து ஒரு பொத்தானில் அடைத்துவிட்டால், பாட்டு முழுவதும் அதே உறுமல் அச்சுப் பிசகாமல் திரும்பத் திரும்ப வரும். இரண்டு நிமிடத்தில் காது கண்டுபிடித்துவிடும். நாதஸ்வரத்துக்கும் இதே கதைதான். கமகம் என்பது ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கியும் அசைந்தும் போவது. விசைப்பலகையோ படிக்கட்டு மாதிரி. சுரத்தை வளைப்பதற்கான வசதி செயலியில் இருந்து, அதைப் பழகிக்கொண்டாலொழிய, எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய நாதஸ்வரமும் திரையில் ஊதல் சத்தமாகத்தான் வரும்.

உருமி மேளக் குழுவில் இருக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. நான் சொன்ன இரு செயலிகளிலும் 'சேம்ப்ளர்' என்ற பகுதி உண்டு. கைப்பேசியின் ஒலிவாங்கியால் எந்த ஒலியையும் பதிந்து, அதையே வாத்தியமாக வாசிக்கலாம். குழுவின் ஆசானிடம் முறையாகக் கேட்டு அனுமதி பெறச் சொல்லுங்கள். வாசித்துக் கொடுப்பவர் வேறொருவர் என்றால் அவருடைய பெயரைப் பாட்டில் போடவும் சொல்லுங்கள். மழையில்லாத, மோட்டார் சைக்கிள் ஓடாத பிற்பகல் நேரமாகப் பார்க்கட்டும். வெறும் சுவர் உள்ள மண்டபத்தில் எதிரொலி அடிக்கும். பின்னால் இரண்டு கம்பளியைத் தொங்கவிட்டால் அடங்கும். கைப்பேசியை மேளத்துக்கு ஒட்டி வைத்தால் குரல் உடைந்து கரகரக்கும். நான்கைந்து அடி தள்ளி வைத்துப் பார்த்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கலாம். அழைப்பு வராதபடி விமானப் பயண நிலையில் போட மறக்க வேண்டாம். மெதுவான அடி, நடுத்தர அடி, ஓங்கிய அடி என்று ஒவ்வொன்றையும் நாலைந்து முறை. உறுமலை நீளமாகவும் குட்டையாகவும் ஏழெட்டு வகை. ஒரு பிற்பகலில் முடிகிற வேலை. கிடைப்பது எந்தக் கடையிலும் விற்காத, உங்கள் கோயில் மேளத்தின் குரல்.

அப்படியானால் காசு கொடுத்து வாங்கவே கூடாதா என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்லவில்லை. பிள்ளையிடம் ஒரு நிபந்தனை போடுங்கள். இருக்கிற ஒலிகளைக் கொண்டே மூன்று பாட்டு முழுதாக முடிக்கட்டும். தொடங்கிய பாட்டு முப்பது இருக்கும், அது கணக்கில் வராது; ஆரம்பம் முதல் கடைசி வரை வீட்டில் உட்கார்ந்து கேட்கும்படி மூன்று. அதன் பிறகு, "இந்தப் பாட்டின் இந்த இடத்தில் ஆர்மோனியம் வேண்டும், என்னிடம் உள்ள ஆர்கன் அங்கே ஒட்டவில்லை" என்று குறிப்பாகச் சொல்கிறானா? அப்போது வாங்கிக் கொடுங்கள், தயங்க வேண்டாம். "வாங்கினால் எல்லாமே நன்றாக இருக்கும்" என்று பொதுவாகச் சொன்னால் இன்னும் ஒரு மாதம் போகட்டும். கல்யாண வீட்டுக்கோ கோயில் விழாவுக்கோ வாசித்து நாலு காசு பார்க்கிற நிலைக்கு வந்துவிட்ட பிள்ளை என்றால் கணக்கே வேறு. ஒரு நிகழ்ச்சியில் அந்த 60 வெள்ளி திரும்பிவிடும். அவனை இழுத்துப் பிடிப்பதில் அர்த்தமில்லை.

'வீணாய்ப் போகிற விளையாட்டு' என்று சகோதரி ஓர் இடத்தில் எழுதியிருக்கிறார். எனக்கு அது சம்மதமில்லை. வேலை முடிந்த பிறகும் பள்ளி முடிந்த பிறகும் ஒரு பிள்ளை உட்கார்ந்து தாளம் எண்ணுகிறான் என்றால், வீட்டார் காது கொடுத்துக் கேட்கத்தான் வேண்டும்.

வாங்குவதென்று முடிவாகிவிட்டால் வலையில் விழாமல் இருக்கச் சில காரியங்கள் உண்டு. எல்லாவற்றிலும் முக்கியமானது, இது ஒரு முறை கட்டுகிற பணமா, மாதா மாதம் பிடிக்கிற சந்தாவா என்பது. 'ஏழு நாள் இலவசம்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். எட்டாம் நாளிலிருந்து மாதம் 20 வெள்ளி என்பது சிறிய எழுத்தில் இருக்கும். ஆண்டுக்கு 240 வெள்ளி! தீபாவளித் துணிமணிக்கு ஆகிற பணம். செயலியைக் கைப்பேசியிலிருந்து அழித்துவிட்டால் சந்தாவும் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நிற்காது. கூகிள் பிளே என்றாலும் ஆப்பிள் கடை என்றாலும், கணக்குக்குள் போய் 'சந்தாக்கள்' என்ற பகுதியைத் திறந்து அங்கே ரத்து செய்தால்தான் நிற்கும். இன்றைக்கே உங்கள் கைப்பேசியில் அந்தப் பகுதியைத் திறந்து பாருங்கள். எப்போதோ பிள்ளைகள் தொட்ட ஏதாவது ஒன்று இன்னும் காசைத் தின்றுகொண்டிருக்கலாம்.

விலையையும் கடைசிப் பக்கத்தில் சரி பார்க்க வேண்டும். வெளிநாட்டு நிறுவனங்கள் கைப்பேசி வழியே விற்கிற இத்தகைய சேவைகளுக்கு 2020ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் சேவை வரி உண்டு; 2024 மார்ச் மாதம் அது 6 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாக உயர்ந்தது. காட்டிய விலையில் வரி சேர்ந்திருக்கிறதா, மேலே வருமா என்று பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள்.

வாங்கிய தொகுப்பு பெரும்பாலும் அந்த ஒரு செயலிக்குள்தான் உயிர் வாழும். இன்றைக்குச் சாதாரணக் கைப்பேசி, நாளைக்கு மாமா ஆப்பிள் கைப்பேசி வாங்கித் தந்தார் என்றால், இங்கே கட்டிய பணம் அங்கே செல்லாது. 2017இல் ஆப்பிள் நிறுவனம் தன் கைப்பேசி மென்பொருளைப் புதுப்பித்தபோது, காலத்துக்கேற்ப மாற்றி எழுதப்படாத பழைய செயலிகள் திறக்காமலே போயின. காசு கொடுத்து வாங்கியவையும் அதில் சேர்த்திதான். ஆகவே பல ஆண்டுகளாக நடந்துவருகிற, அடிக்கடி புதுப்பிக்கப்படுகிற செயலியில் மட்டும் பணத்தைப் போடுங்கள். கைப்பேசியில் இடம் இருக்கிறதா என்பதும் கேள்வி. நல்ல பியானோத் தொகுப்பு ஒன்றே நூற்றுக்கணக்கான மெகாபைட் பிடிக்கும். தம்பி தங்கைகளின் படங்களை அழித்துவிட்டுப் பியானோவை ஏற்றியதாகக் கதை ஆகக் கூடாது.

பாட்டை யூடியூபில் போடவோ விற்கவோ எண்ணம் இருந்தால் தொகுப்பின் உரிம விதியையும் வாசிக்க வேண்டும். 'ராயல்டி ஃப்ரீ' என்றிருந்தால், அந்த ஒலியைக் கொண்டு அமைத்த பாட்டுக்கு மேலும் பணம் கட்ட வேண்டியதில்லை என்று பொருள். அந்த ஒலியை மட்டும் தனியாகப் பிரித்து இன்னொருவருக்குக் கொடுக்க அது அனுமதி ஆகாது. ஆங்கிலம் கடினமாக இருந்தால் பள்ளி ஆசிரியரிடம் காட்டலாம்.

பணம் கட்டுகிற கணக்கு அப்பா பெயரிலோ அம்மா பெயரிலோ இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய அன்றே எல்லா ஒலிகளையும் தட்டிக் கேட்கச் சொல்லுங்கள். சொன்ன வாத்தியம் அதில் இல்லை, அல்லது இறங்கவே இல்லை என்றால் கூகிள் பிளேயில் 48 மணி நேரத்துக்குள் பணத்தைத் திருப்பிக் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆப்பிளிலும் கேட்பதற்கு வழி உண்டு. சனிக்கிழமை வாங்கிவிட்டு, பரீட்சை முடிந்து அடுத்த மாதம் திறந்து பார்ப்பதாக இருந்தால், அடுத்த மாதமே வாங்குங்கள்.