பதினைந்து வயதில் ஓய்வா?

புது மோட்டார் சைக்கிளை ரசிக்க யாருக்கும் தெரியும். இருபது வருடம் ஒரே வண்டியோடு குடித்தனம் நடத்துவதுதான் பெரிய காரியம். இந்தியாவில் இதற்கு உதாரணம் தேடினால் முதலில் கண்ணில் படுவது புல்லட். 1950-களில் எல்லைக் காவலுக்காக வரவழைக்கப்பட்டு, 1955 முதல் சென்னையில் உருவான வண்டி. பெற்றெடுத்த இங்கிலாந்துத் தொழிற்சாலை 1970-களின் தொடக்கத்துக்குள் கதவை மூடிவிட்டது. திருவொற்றியூரோ அந்தப் பழைய வார்ப்பிரும்பு சிலிண்டர் என்ஜினை 2010-ஐ ஒட்டிய காலம்வரை கைவிடவில்லை.

நெடும்பயணக்காரர்களை அது கவர்ந்ததற்குக் காரணம் வேகமல்ல. 346 சி.சி. என்ஜினில் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ.; சிலிண்டரின் குறுக்களவு 70 மி.மீ.தான். கனமான ஃப்ளைவீலும் சேர்ந்துகொள்ள, குறைந்த சுழற்சியிலேயே இழுவிசை கிடைக்கிறது. பின்னால் ஓர் ஆள், இருபுறமும் மூட்டை என்றாலும் மேட்டில் திணறாது. 50, 60 கி.மீ. வேகத்தில் நாள் முழுக்க ஓடும். 80-ஐத் தாண்டினால் மட்டும், பின்னால் வருவது லாரியா பஸ்ஸா என்று கண்ணாடியில் தெரியாது. அவ்வளவு அதிர்வு.

அப்படியானால் நம்பகமான வண்டி என்ற பெயர் எப்படி வந்தது? பழுதே ஆகாது என்பதால் அல்ல. என்ன பழுதாகும் என்பது முன்கூட்டியே தெரியும் என்பதால். பிளக், பாயின்ட், கண்டென்ஸர், கிளட்ச் கேபிள் என்று வழக்கமான குற்றவாளிகள் எல்லாம் ஒரு சின்னப் பைக்குள் அடங்கிவிடுவார்கள். அனுபவசாலிகள் ஓடும் கேபிளோடு இன்னொரு கேபிளையும் சேர்த்துக் கட்டியே கிளம்புவார்கள். அறுந்தால் முனைகளை மாற்றினால் போதும். கம்ப்யூட்டரைச் செருகிக் கோளாறு கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சாலையோர மெக்கானிக்கின் காதே போதுமானது.

மணாலி-லே சாலையில் இதன் அருமை புரியும். லேவுக்கு அப்பால், 5,359 மீட்டர் உயரத்திலுள்ள கர்துங் லா கணவாயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். காற்று குறைய, கார்ப்புரேட்டர் அதே அளவு பெட்ரோலை ஊற்ற, என்ஜின் கறுப்புப் புகை கக்கித் தள்ளாடும். திருப்புளியும் சிறிய ஜெட்டும் இருந்தால் ஓரளவு வழிக்குக் கொண்டுவரலாம்.

நீண்டகால உறவுக்கு விலை உண்டு. ஆம்மீட்டர் முள்ளைப் பார்த்து, டிகம்ப்ரஸரைப் பிடித்து, பிஸ்டனைச் சரியான இடத்தில் நிறுத்தாமல் உதைத்தால், வண்டி திருப்பி உதைக்கும். என்ஜின் ஆறியிருக்கும்போது டேப்பெட் தண்டு விரல்களால் சுழலும் அளவு தளர்வாகவும், மேலும் கீழும் ஆடாமலும் இருக்க வேண்டும். அதிர்வில் நட்டுகள் கழலும், எண்ணெய் சொட்டும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை ஒதுக்க முடியாதவருக்கு இந்த வண்டி ஒத்துவராது.

இப்போது இந்த உறவில் சட்டம் குறுக்கிடுகிறது. பதிவுச் சான்றிதழுக்கு ஆயுள் 15 வருடம். பிறகு பரிசோதனைக்குக் காட்டி ஐந்தைந்து வருடமாக நீட்டிக்க வேண்டும். 300 ரூபாயாக இருந்த இந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 1,000 ரூபாயானது. தலைநகர் தில்லியில் இதற்கும் வழியில்லாமல் போனது. 15 வருடம் கடந்த பெட்ரோல் வண்டிகள் ஓடக்கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவை 2018-ல் உச்ச நீதிமன்றம் ஆதரித்தது. 2025-ல் விவகாரம் மீண்டும் அதே நீதிமன்றத்தின் படியேறியது. தில்லிக்காரர் தடையில்லாச் சான்று வாங்கி வேறு மாநிலத்தில் பதியலாம். அதாவது வண்டி இருக்கும், வீட்டு வாசலில் இருக்காது.

தில்லியின் குளிர்காலக் காற்றைச் சுவாசித்தவர் யாரும் இந்தக் கவலையை அலட்சியப்படுத்த முடியாது. எவ்வளவு சிரத்தையாகப் பராமரித்தாலும், கார்ப்புரேட்டர் என்ஜின் 2020-ல் வந்த பாரத் ஸ்டேஜ் 6 வண்டியின் சுத்தத்தை எட்டாது. ஆனால் வருடம் இரண்டாயிரம் கி.மீ. ஓடும் பழைய வண்டியையும், தினமும் நகரைச் சுற்றும் வண்டியையும் பிறந்த தேதி என்ற ஒரே தராசில் நிறுத்துவது சோம்பேறித்தனம். புகையை அளக்கக் கருவி இருக்கிறது. ஓடிய தூரத்தை அளக்க மீட்டர் இருக்கிறது. அவற்றைப் பார்க்க ஆளும் நேர்மையும் வேண்டும். காலண்டரைப் பார்க்க இரண்டுமே தேவையில்லை.