எலிக்குத் தெரியாத ஜாதி

சுண்டெலியை ஒரு சாமிக்கு வாகனமாக்கிக் கொழுக்கட்டை படைக்கத் தெரிந்த நமக்கு, அதன் மண்ணீரலில் மனிதனுக்கு உதவும் சங்கதி ஒன்று இருக்குமென்று எக்காலத்திலும் தோன்றினதில்லை. 1975-ல் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டைன் என்ற இருவருக்குத் தோன்றிற்று. அந்நிய அணுக்களை எலிக்கு ஊசியால் ஏற்றினால், அதன் மண்ணீரல் அணுக்கள் எதிர்ப்புப்பொருளை உண்டாக்கும். அப்படிப்பட்ட அணு ஒன்றைச் சாகாமல் பெருகும் புற்று அணுவோடு இணைத்துவிட்டால், ஒரே ரகமான எதிர்ப்புப்பொருளை வேண்டியமட்டும் எடுக்கலாமென்று காட்டினார்கள். இதற்கு 1984-ல் நோபல் பரிசும் கிடைத்தது.

நிற்க, அதே வருஷம் லண்டனில், எய்ட்ஸ் கிருமி எந்த வாசல் வழியாக மனித அணுவுக்குள் நுழைகிறதென்று தேடியவர்கள், இத்தகைய 155 எதிர்ப்புப்பொருள்களை வைத்துப் பரீட்சித்தார்கள். வெள்ளை அணுவின் மேலுள்ள சி.டி.4 என்னும் ஏற்பியைப் பற்றும் 14-ம் கிருமியின் வேலையைத் தடுத்தன. வாசல் அகப்பட்டது.

நம் நாட்டிலோ, "இது ஒழுக்கங்கெட்ட வெள்ளைக்காரன் வியாதி, புண்ணிய பூமிக்கு வராது" என்ற பேச்சு நடந்துகொண்டிருந்தது. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் பயின்ற நிர்மலாவும் இரத்தத்தைச் சோதித்து, வந்தேவிட்டதென்று காட்டிய பிறகுதான் புண்ணியம் வாயை மூடிற்று.

ஒளிரும் சாயம் ஏற்றிய எலி எதிர்ப்புப்பொருளை இரத்தத்தில் கலந்தால், அது சி.டி.4 உள்ள அணுக்களில் மட்டும் ஒட்டிக்கொள்ளும். யந்திரம் எண்ணிச் சொல்லும். சுகமான ஆளுக்கு ஒரு கன மில்லிமீட்டரில் சுமார் 500 முதல் 1500 வரை இருக்கும். 200-க்குக் கீழே போனால் ஆபத்து. கோட்டுச்சேரிமேட்டு மீனவருடைய இரத்தமானாலும் காரைக்கால் பெரிய தெருக்காரருடைய இரத்தமானாலும் எலிச்சரக்கு கோத்திரம் விசாரிப்பதில்லை. விசாரிக்கிறவர்கள் மனிதர்கள்தான்!

புருஷன் கொண்டுவந்த வியாதிக்குப் பெண்டாட்டியைப் பழிப்பதும், தெரிந்தவர் பார்த்துவிடுவாரென்று பஸ் ஏறி வேற்றூர் போய்ச் சோதித்துக்கொள்வதும், அதற்கும் துணியாமல் தாயத்துக் கட்டி மாதக்கணக்கில் காத்திருப்பதும் எந்தக் கிருமியின் குற்றம் என்று கேட்கின்றோம். 2004 ஏப்ரல் முதல் சர்க்கார் இலவசமாய் மருந்து கொடுத்துவருகிறது. தாம்பரம் ஆஸ்பத்திரி முதலில் தொடங்கியவற்றில் ஒன்று. 2017 முதல் எண்ணிக்கை குறையும்வரை காத்திருக்க வேண்டியதுமில்லை. கிருமி உண்டென்று தெரிந்தவுடனே மருந்து உண்டு. அதே வருஷத்துச் சட்டம், நோயைக் காரணங்காட்டி வேலையோ, படிப்போ, வைத்தியமோ மறுக்கக்கூடாதென்றும், சம்மதமின்றி விஷயத்தை வெளியிடக்கூடாதென்றும் சொல்லுகிறது. 2018 செப்டம்பர் முதல் அது அமலில் இருக்கிறது. சந்தேகமுள்ள தோழர்கள் தாயத்துக்காரனைத் தாண்டி நேரே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். பரிசோதனைக்குக் காசு இல்லை.