நுண்ணுயிர் மாத்திரை சிறுநீரகத்தைக் காக்குமா?

சிறுநீரகம் பழுதுற்ற ஒருவர் இல்லத்தில் இருப்பாராயின், அவ்வில்லத்தின் அடுப்படியே மாறிவிடுகின்றது. உப்பு குறைகின்றது; இளநீர் விலக்கப்படுகின்றது; கீரையும் வாழைப்பழமும் அளந்து தரப்படுகின்றன. இவ்வாறு ஒவ்வொன்றையும் விலக்கிச் சோர்ந்திருக்கும் குடும்பத்தாரிடம், "நன்மை தரும் நுண்ணுயிர்கள் அடங்கிய மாத்திரை ஒன்று இருக்கின்றது, அதனை உட்கொண்டால் இரத்தத்திலுள்ள நஞ்சு குறையும், டயாலிசிஸையும் தவிர்த்துவிடலாம்" என்று எவரேனும் கூறினால், அந்த நம்பிக்கையை உதறித் தள்ள மனம் வருவதில்லை. புரோபயாடிக் என்னும் பெயரில் மருந்துக் கடைகளில் கிடைக்கும் இவை விலை மலிவானவையும் அல்ல. ஆகவே, இக்கூற்றில் உண்மை எவ்வளவு, மிகைப்படுத்தல் எவ்வளவு என்பதை இம்மாதம் ஆராய்வோம்.

குடலில் வாழும் கோடானுகோடி

நமது பெருங்குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவை யாவும் நோய்க்கிருமிகள் என எண்ணுதல் தவறு. நம்மால் செரிக்க இயலாத நார்ப்பொருளைப் புளிக்கச் செய்து, குடலின் உட்சுவருக்கு ஊட்டம் தரும் அமிலங்களை ஆக்கித் தருபவை அவற்றுள் பல.

அன்றைய ருஷ்யப் பேரரசில் பிறந்து, பாரிஸ் நகரின் பாஸ்டர் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர் மெச்னிகாஃப் என்னும் அறிஞர். நோய் எதிர்ப்பாற்றல் பற்றிய ஆய்வுக்காக 1908-இல் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டவர் அவர். பெருங்குடலில் உணவு அழுகுவதால் தோன்றும் நஞ்சுகளே முதுமையை விரைவுபடுத்துகின்றன என்றும், புளித்த பாலிலுள்ள நுண்ணுயிர்கள் அதனைத் தடுக்கும் என்றும் அவர் கருதினார். முதுமை பற்றிய அவரது கருத்து நிலைபெறவில்லை. ஆயினும், குடலில் தோன்றும் நஞ்சு உடலெங்கும் பரவக்கூடும் என்னும் எண்ணம் சிறுநீரக நோயைப் பொறுத்தவரை மெய்யாயிற்று.

குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் உள்ள உறவு

நாம் உண்ணும் புரதத்தில் செரியாது எஞ்சும் பகுதி பெருங்குடலை அடைகின்றது. அங்குள்ள சில நுண்ணுயிர்கள் அதனைச் சிதைத்து இண்டோல், கிரெசால் முதலிய பொருள்களை உண்டாக்குகின்றன. இவை உடலுக்குள் உறிஞ்சப்பட்டபின், இண்டாக்சில் சல்பேட், கிரெசில் சல்பேட் என்னும் பொருள்களாக உருமாறி இரத்தத்தில் கலக்கின்றன. நலமுள்ள சிறுநீரகம் இவற்றை அன்றாடம் வெளியேற்றிவிடும். பழுதுற்ற சிறுநீரகத்தால் அது இயலாது. ஆதலின் அவை இரத்தத்தில் தேங்குகின்றன. மேலும், இவை இரத்தத்திலுள்ள ஆல்புமின் என்னும் புரதத்தை இறுகப் பற்றிக்கொள்வதால், டயாலிசிஸ் இயந்திரத்தாலும் இவற்றை முழுமையாகப் பிரித்தெடுக்க முடிவதில்லை.

சிறுநீரகத்தின் பழுது குடலையும் தாக்குகின்றது. இரத்தத்தில் மிகுந்த யூரியா குடலுக்குள் கசிகின்றது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதனை அம்மோனியாவாக மாற்ற, குடற்சுவரின் காப்பு தளர்கின்றது. "யூரியாவைத் தின்னும் நுண்ணுயிர்" என்று சில மாத்திரைகளைப் பற்றிப் பெருமையாகக் கூறுவர். அவ்வாறு தோன்றும் அம்மோனியாவின் பெரும்பகுதி கல்லீரலை அடைந்து மீண்டும் யூரியாவாகவே மாறிவிடும் என்பதையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

ஆய்வுகள் கூறுவது யாது?

குடலில் நஞ்சு தோன்றுகின்றது என்றால், குடலிலேயே அதனைத் தடுத்தால் சிறுநீரகம் பிழைக்கும் அன்றோ? இக்கேள்வி நியாயமானதே. ஆஸ்திரேலியாவில், நோய் முற்றிய நிலையிலிருந்த 37 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட ஓர் ஆய்வின் முடிவு 2016-இல் வெளியாயிற்று. நுண்ணுயிர்களையும் அவற்றுக்கு உணவாகும் நார்ப்பொருளையும் சேர்த்து 6 வாரங்கள் கொடுத்தபோது, இரத்தத்தில் கிரெசில் சல்பேட் குறைந்தது; இண்டாக்சில் சல்பேட் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை.

நஞ்சின் அளவு குறைவது ஒன்று. சிறுநீரகம் காப்பாற்றப்படுவது வேறொன்று. இதற்கு மற்றொரு சான்று உண்டு. குடலிலேயே நஞ்சை உறிஞ்சிக்கொள்ளும் ஒருவகைக் கரி மருந்து ஜப்பானில் 1991-இல் அனுமதி பெற்றது. பல நாடுகளில் 2,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு அம்மருந்தையோ வெறும் போலி மாத்திரையையோ அளித்து ஒப்பிட்ட ஆய்வுகளின் முடிவு 2015-இல் வெளிவந்தது. நோய் முற்றுவதை அம்மருந்து தடுத்ததாகத் தெரியவில்லை. நுண்ணுயிர் மாத்திரைகள் பற்றிய பல ஆய்வுகளை ஒருங்கே திரட்டி நோக்கிய காக்ரேன் மதிப்பாய்வும் 2023-இல் இதனையே ஒத்த முடிவுக்கு வந்தது: அவற்றால் சிறுநீரக நோயாளிக்கு உறுதியான பயன் உண்டு எனக் கூறப் போதிய சான்று இல்லை.

ஆகவே, இம்மாத்திரை டயாலிசிஸுக்கு மாற்று அன்று. இதனை நம்பி இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்துவதும், டயாலிசிஸ் நாளைத் தள்ளிப்போடுவதும் உயிருக்கே கேடாக முடியும்.

அடுப்படியில் செய்யத்தக்கவை

அவ்வாறாயின் குடலைப் பேணுவதில் பயனே இல்லையா? உண்டு. அதனை உணவிலிருந்தே தொடங்கலாம்.

தயிர்: வீட்டுத் தயிரில் உயிருள்ள நுண்ணுயிர்கள் உள்ளன; ஆனால் அவற்றின் வகையும் எண்ணிக்கையும் நாளுக்கு நாள் வேறுபடும். 100 கிராம் தயிரில் பொட்டாசியம் ஏறத்தாழ 150 மில்லிகிராமும், பாஸ்பரஸ் ஏறத்தாழ 95 மில்லிகிராமும் இருக்கும். எனவே, எவ்வளவு உண்ணலாம் என்பதை இரத்தப் பரிசோதனையைக் கண்ட மருத்துவரே அறுதியிட வேண்டும். நீர் அளவு குறிக்கப்பட்டவர், மோரையும் அந்த அளவில் சேர்த்தே கணக்கிடுதல் வேண்டும்.

இட்லி: இட்லி மாவைப் புளிக்கச் செய்பவை நுண்ணுயிர்களே. ஆனால் ஆவியில் வேகும்போது அவை இறந்துவிடுகின்றன. இட்லி நல்லுணவு, நுண்ணுயிர் மருந்து அன்று.

ஊறுகாய்: புளித்த உணவு நல்லது எனக் கேட்டு ஊறுகாயை மிகுதியாகப் பரிமாறுதல் கூடாது. அதிலுள்ள உப்பு இரத்த அழுத்தத்தை உயர்த்தும். சோடியம் குறைந்த உப்பு என விற்கப்படுவதிலும் பொட்டாசியம் கலந்திருப்பது வழக்கம். சிறுநீரக நோயாளிக்கு அது ஆபத்தானது.

நார்ப்பொருள்: பொட்டாசியத்துக்கு அஞ்சிக் காய்கறிகளையே விலக்கிவிடும் குடும்பங்கள் உண்டு. அதனால் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் பட்டினி கிடக்கின்றன. சுரைக்காய், புடலங்காய் போன்றவற்றைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நிறைந்த நீரில் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் குறையும், நார் எஞ்சும். பழங்களில் ஆப்பிள், அன்னாசி ஆகியவற்றை மருத்துவர் குறித்த அளவில் உண்ணலாம்.

மலச்சிக்கல்: கூச்சத்தினால் பலரும் மருத்துவரிடம் சொல்லாது மறைப்பது இதுவே. நீர்க் கட்டுப்பாடு, நார் குறைந்த உணவு, இரும்புச்சத்து மாத்திரை, பாஸ்பரஸைக் குறைக்கும் மருந்து ஆகிய யாவும் இதற்குக் காரணமாகின்றன. சிறுநீரகம் தளர்ந்தபின் பொட்டாசியத்தின் ஒரு பகுதியைப் பெருங்குடலே வெளியேற்றுகின்றது. ஆதலின் மலம் தேங்கினால் பொட்டாசியமும் தேங்கக்கூடும். ஆயினும், பேதி உப்பு முதலிய மெக்னீசியம் கலந்த மருந்துகளையும், பாஸ்பேட் கலந்த எனிமாவையும் தாமே பயன்படுத்தலாகாது. பழுதுற்ற சிறுநீரகம் அவ்வுப்புகளை வெளியேற்ற மாட்டாது.

புரதம்: நஞ்சு புரதத்திலிருந்து தோன்றுகின்றது என்பதற்காக அதனை அறவே நிறுத்திவிடக் கூடாது. டயாலிசிஸ் செய்து கொள்பவருக்கு, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை புரதம் தேவை. டயாலிசிஸ் தொடங்காதவருக்கு அதனினும் குறைவு. ஒருவருக்குரிய அளவை மற்றவர் பின்பற்றலாகாது.

எவர் விலக்க வேண்டும்?

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பெற்றவர்களும், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவர்களும், டயாலிசிஸுக்காகக் கழுத்து நரம்பில் குழாய் பொருத்தப்பட்டவர்களும் நுண்ணுயிர் மாத்திரையைத் தாமாக வாங்கி உண்ணலாகாது. உயிருள்ள நுண்ணுயிர்கள் இரத்தத்தில் புகுந்து நோய் விளைவித்த நிகழ்ச்சிகள், அரிதாயினும், உண்டு.

நோயாளியின் மீதுள்ள அன்பினால்தான் குடும்பத்தார் இத்தகைய மாத்திரைகளைத் தேடி வாங்குகின்றனர். அதே அன்பை வேறு வழியிலும் காட்டலாம். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்தல், குறித்த நாளில் பரிசோதனைக்கு உடன் செல்லுதல், மருத்துவர் முன் எல்லா மாத்திரைகளையும், கடையில் தாமாக வாங்கியவை உட்பட, எடுத்து வைத்துக் கேட்டல் ஆகிய இவை சிறுநீரகத்தின் ஆயுளை நீட்டிக்கத் துணை செய்யும். கையிலுள்ள பணத்தை முதலில் இவற்றுக்கே செலவிடுதல் அறிவுடைமை ஆகும்.