காட்டுத் தீ: எச்சரிக்கை முன்னதாக வரட்டும்

மாசி, பங்குனி மாதங்களில் ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடுத்த கரிகட்டா குன்றில் புல் காய்ந்து சருகாகி நிற்கும். அணைக்காமல் எறியப்படும் ஒரு பீடித்துண்டு போதும், குன்று பற்றிக்கொள்ள. இங்கிருந்து மைசூர், குண்டுலுபேட்டை வழியாக உதகைக்குச் செல்லும் சாலையிலுள்ள பந்திப்பூர் வனத்திலோ இந்த அபாயம் பல மடங்கு பெரியது.

2019 பிப்ரவரியில் அங்கு மூண்ட தீ நாட்கணக்கில் எரிந்து, 10,000 ஏக்கருக்கு மேற்பட்ட காட்டைக் கருக்கியது. பலத்த காற்றில் பரவிய தீயை அடக்க விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் வந்து தண்ணீர் கொட்ட நேர்ந்தது. அதற்கு இரண்டாண்டு முன்பு, 2017-ல், அதே வனத்தில் தீயை அணைக்கச் சென்ற வனக்காவலர் ஒருவர் உயிரிழந்தார். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில், மலையேறச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் தீயில் சிக்கி மாண்டனர்.

நம் நாட்டில் காட்டுத் தீயை மூட்டுவது பெரும்பாலும் மனிதர் கைதான். ஆனால் மூண்ட தீ நாலு பேர் தழை கொண்டு அடித்து அணைக்கக் கூடியதா, மலையையே விழுங்கக் கூடியதா என்பதை நிர்ணயிப்பதில் அன்றைய வானிலைக்குப் பெரும் பங்கு உண்டு. வெயில் ஏற ஏறக் காற்றின் தாகமும் ஏறுகிறது. ஈரமற்ற அந்தக் காற்று புல்லிலும் சருகிலும் மிஞ்சிய ஈரத்தைச் சில மணி நேரத்தில் உறிஞ்சிவிடுகிறது. அதன் மேல் பலத்த காற்றும் வீசினால், தீ ஆளை முந்திக்கொண்டு ஓடுகிறது. முந்தைய பருவத்தில் நல்ல மழை பெய்து புல் உயரமாக வளர்ந்திருந்தாலும், உண்ணிச்செடி புதராக மண்டியிருந்தாலும் கேட்கவே வேண்டாம்.

இவை முன்கூட்டியே கணக்கிடக் கூடியவை. கனடா நாட்டினர் நண்பகல் வெப்பம், காற்றின் ஈரப்பதம், காற்றின் வேகம், மழையளவு ஆகியவற்றைக் கொண்டு தீ அபாயத்தைத் தினமும் தரம் பிரிக்கும் முறையை வகுத்தனர். காற்றின் வறட்சியை அதன் வேகத்தால் பெருக்கிக் காணும் எளிய குறியீடு ஒன்றை அமெரிக்க ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்டனர். டேராடூனிலுள்ள இந்திய வன அளவை நிறுவனம், செயற்கைக்கோள் கண்ட தீயைக் குறுஞ்செய்தியாக அனுப்புவதுடன், தீ மூளும் வாய்ப்புள்ள பகுதிகளையும் முன்னதாகத் தெரிவித்து வருகிறது.

செயற்கைக்கோள் சொல்வது தீ மூண்ட பிறகு; வானிலை சொல்வது மூளுமுன். எனவே அபாய நாளின் அறிவிப்பு அலுவலக மேஜையோடு நின்றுவிடக் கூடாது. சோதனைச் சாவடிகளிலும், மைசூர், குண்டுலுபேட்டை பஸ் நிலையங்களிலும், கரிகட்டா அடிவாரத்திலும் அன்றன்றைய அபாய நிலை பலகையில் எழுதப்பட வேண்டும். கன்னடத்தோடு தமிழிலும் எழுதினால், உதகைச் சாலையில் வண்டி ஓட்டும் தமிழ் டிரைவர்களுக்கும் யாத்ரீகர்களுக்கும் பயன்படும். அந்த நாட்களில் தீக்காவலர்களைக் கூடுதலாக நிறுத்துவதும், மலையேற்றத்தைத் தடை செய்வதும், வேலி ஓரத்துக் குப்பையைக் கொளுத்த வேண்டாமென்று கிராமங்களில் தண்டோரா போடுவதும் அவசியம்.

எந்த இடத்தில் தீ பிடிக்கும் என்று எந்தக் கணக்கும் சொல்லாது. எச்சரித்த நாளில் தீ மூளவில்லையே என்று மக்கள் அலுத்துக்கொள்ளவும் கூடும். அப்படி ஒரு நாள் கழிந்தால் அது எச்சரிக்கையின் தோல்வியல்ல. அதன் பயனாகவும் இருக்கலாம். ஹெலிகாப்டருக்கு ஆகும் செலவில் எத்தனையோ பலகைகள் எழுதலாம். இரு மாநில வன இலாகாக்களும் கோடை முற்றுமுன் இதைச் செய்ய வேண்டும்.